அக்கா கொண்டுவந்த டிவிடி ஓடவில்லை

கேள்வி: அக்கா நியூஜெர்சியிலிருந்து பத்து டிவிடி கொண்டுவந்தார். எல்லாம் காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டுகள். மதுரையில் வாங்கிய என் பிளேயரில் போட்டால் ‘தவறான மண்டலம்’ என்கிறது. திருட்டு வட்டு மட்டும் ஜோராக ஓடுகிறது! என்ன செய்வது?

பதில் 1: வட்டில் கோளாறு இல்லை. ஒரு நாட்டில் விற்கும் டிவிடி வேறு பகுதியில் வாங்கிய பிளேயரில் ஓடாதபடி, மண்டல எண் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அமெரிக்காவுக்கு மண்டல எண் 1, இந்தியாவுக்கு 5. கணினி டிரைவில் எண்ணை மாற்றலாம், ஆனால் 5 முறைதான். அப்புறம் கடைசி எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

பதில் 2: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கணினியில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் போட்டுப் பாருங்கள், பல டிரைவ்களில் ஓடும். பயம் வேண்டாம், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது.

கேட்டவர்: பழைய லேப்டாப்பில் விஎல்சி போட்டேன், ஓடிவிட்டது! அக்காவிடம், அடுத்த தடவை பாதாம் போதும் என்று சொல்லிவிட்டேன்.