கடலோர விடுதிகளில் அறை வாடகை எப்போது குறைகிறது?

கேள்வி – இராயபுரம்

வணக்கம். அப்பாவின் மணிவிழா முடிந்ததும் பெற்றோரை மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கடலோர விடுதியில் சனி, ஞாயிறு தங்கவைக்க விரும்புகிறேன். முப்பது ஆண்டுகள் துறைமுகத்தில் உழைத்தவர், கடலை ஒரு நாளாவது வேலையில்லாமல் உட்கார்ந்து பார்க்கட்டும் என்பதுதான் என் ஆசை. ஆறு வாரங்களுக்கு முன் 6,800 ரூபாயாக இருந்த அறை இப்போது 8,000 ரூபாய். ஆனால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பதிவு செய்த பக்கத்து வீட்டார் அதே விடுதியில் 5,600 ரூபாய்தான் கொடுத்திருக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்வதா, கடைசிவரை காத்திருப்பதா?

பதில் – பெரம்பூர்

சகோதரி, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றின் முன்பதிவுப் பிரிவில் எட்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை சேர்த்து விற்க முடியாது. காசிமேட்டு மீன் ஏலத்தில் விடியற்காலையில் நின்ற விலை வெயில் ஏறிய பின் நிற்காததைப் போன்றதுதான் இதுவும். ஆனால், நாள் நெருங்கினால் விலை இறங்கியே தீரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தேதிக்கு இந்நேரம் எத்தனை அறைகள் போயிருக்க வேண்டும் என்ற கணிப்போடு தினமும் ஒப்பிட்டு, பதிவு முந்தினால் விலையை ஏற்றுவோம், பிந்தினால் இறக்குவோம். கட்டணமின்றி ரத்து செய்வதற்கான கெடு முடியும் தறுவாயில் பல அறைகள் திரும்பி வரும். உங்கள் பக்கத்து வீட்டாருக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கலாம். சனிக்கிழமைக்கும் பண்டிகை விடுமுறைக்கும் அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

பலர் கவனிக்காதது முகூர்த்த நாள். இந்தச் சாலை விடுதிகள் பலவற்றில் திருமணங்கள் நடப்பதால், முகூர்த்தம் விழும் வார இறுதியில் கல்யாண வீட்டாரே அறைகளை மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். ஆடியில் அந்த வருமானம் நின்றுவிடும். நான் பார்த்தவரை ஆடி மாதத்துப் புதன், வியாழனில்தான் வாடகை மிகவும் தாழ்ந்திருக்கும். மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்றாலும், கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகின்றன.

ரத்து செய்யக்கூடிய அறையை இப்போதே பதிவு செய்துவிட்டு, கெடுவுக்கு முதல் நாள் மறுபடியும் விலையைப் பாருங்கள்.

பதில் – பழைய வண்ணாரப்பேட்டை

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். தள்ளுபடி போக நாம் கொடுக்கும் தொகைக்கே வரி என்பதால், 8,000 ரூபாய் அறைக்கு மொத்தம் 9,440 ஆகும். அதுவே 7,500 ரூபாய்க்கு இறங்கினால் 7,875தான். ஐந்நூறு ரூபாய்த் தள்ளுபடி நம் கையில் 1,565 ரூபாயை மிச்சப்படுத்துகிறது.

பதில் – எண்ணூர்

ஆடிக் கணக்கு கடலோரத்துக்குத்தான் பொருந்தும். குற்றாலத்தில் சாரல் காலமே அப்போதுதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பா ஓய்வு பெற்றவர், அவருக்குச் சனிக்கிழமைதான் வேண்டும் என்பதில்லை. புதன், வியாழனுக்கு மாற்றிப் பார்த்தேன், 6,100 ரூபாய் காட்டியது. ரத்து செய்யக்கூடிய அறையாகவே பதிவு செய்துவிட்டேன்.