புதுப்பிப்பு: பள்ளிவாசல் முகப்பில் உப்பு பூத்த பிரச்சினை தீர்ந்தது

எங்கள் தெருப் பள்ளிவாசல் முன்மண்டபத்தில் பூச்சு உப்பு பூத்து உதிர்கிறதென்று போன வருடம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாட்டர்புரூஃப் பெயின்ட் முதல் மழையிலேயே கொப்பளித்துவிட்டது. பலித்தது, "சிமெண்டைக் கொத்திட்டு சுண்ணாம்பு பூசுங்க" என்றவரின் யோசனைதான். ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்ததே அந்த சிமெண்ட் பூச்சு. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புக் காரை, மூன்று பூச்சு. காயத்தான் பொறுமை வேண்டும். மேலே எமல்ஷன் அடிக்காதீர்கள், வெள்ளையும் சுண்ணாம்பிலேயே. இந்த ஐப்பசி மழைக்கு ஒரு பொருக்குகூட உதிரவில்லை.

எதிர்பாராதது: கொத்தும்போது தூண் தலையில் கல் போதிகை (உத்தரத்தைத் தாங்கும் கல்) வெளிவந்தது. கோயில் போதிகை போலவே தொங்கும் பூமொட்டு. ஆள், மிருக உருவம் கிடையாது, கொடியும் பூவும்தான். இதே மாதிரி வேலைப்பாடுள்ள கீழக்கரைப் பழைய பள்ளிவாசல் தூண்கள் நினைவுக்கு வந்தன. "இதை மறுபடி மூடினா சண்டைதான்" என்கிறார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி.