கொழும்பு நூதனசாலையில் நீங்கள் யாரைக் கண்டீர்கள்?

உவர்மலைவாசி

அம்மாவின் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போயிருந்தோம். வைத்தியர் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். திருகோணமலையிலிருந்து போகும் இரவுப் புகையிரதமோ விடியும் முன்பே கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறக்கிவிட்டது. (தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை என்று பிள்ளைகளின் புத்தகம் சொல்லும். இரவு ரயில் போய் நிற்கிற இடம்தான் எங்களுக்குத் தலைநகர்.) நேரத்தைக் கடத்த வேண்டுமே என்று தேசிய நூதனசாலைக்குக் கூட்டிச் சென்றேன். ஆளுநர் கிரகரி காலத்தில், 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசரின் சிம்மாசனத்தைக் காட்டினேன். 1815இல் வெள்ளைக்காரர் கொண்டுபோய் 1934இல் திருப்பிக் கொடுத்தது என்றேன். "இதில் உட்கார்ந்தால் முதுகு வலிக்குமே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

அடுத்தது வெண்கலச் சிலைகள். பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் 1907, 1908 அளவில் தோண்டி எடுத்த நடராசர் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். நான் விளக்கப் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் அம்மா இல்லை. சுவரோரம் செருப்பைச் சோடியாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வருகிறார். கைப்பையைத் திறந்து, முதல்நாள் மாலை பத்திரகாளி அம்மன் கோயிலில் வாங்கிய செவ்வரத்தம் பூவை எடுத்தார். வாடிக் கறுத்திருந்தது. அதை வைக்க அவர் இடம் தடவிக்கொண்டிருந்தபோதே காவலாளி வந்துவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும். சிங்களம் தோய்ந்த தமிழில், "கும்பிடுங்கள் அம்மா. பூ மட்டும் வேண்டாம், எறும்பு வரும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். திருகோணமலை என்றதும் அவருடைய அடுத்த கேள்வி இது: "உங்கள் ஊர்க் கோட்டைக்குள் இருக்கிற மான்கள் இப்போதும் அர்ச்சனைத் தட்டில் வாயை வைக்கின்றனவா?" ஒருமுறை குடும்பத்தோடு கோணேசர் கோயிலுக்கு ஏறியபோது அவர் வாங்கிய வாழைப்பழம் முழுவதும் சந்நிதிக்குப் போகாமல் மானுக்குப் போனதாம். அம்மா சிரித்த சிரிப்பில் கூடத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு, அதே பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சம்பந்தரைக் காட்டி, "நம்முடைய கோணமாமலையைப் பாடியவர்" என்றேன். அம்மா மெல்லிய குரலில் பதிகத்தைத் தொடங்கிவிட்டார். கடலைத் தாண்டாமலே, அக்கரையில் நின்று பாடியவர் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டு முடிந்ததும் அம்மா கேட்டார்: "பொலன்னறுவை வரைக்கும் வந்தவரைக் கோணமலைக்குக் கூட்டிப் போக ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படி யாரையாவது நீங்களும் அங்கே சந்தித்திருப்பீர்கள். எழுதுங்கள்.

கிண்ணியா ஆசிரியர்

நான் சந்தித்தது ஒரு கல்லை. பாடசாலைச் சுற்றுலா, இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள். சிம்மாசனத்துக்கு ஒரு நிமிடம், நாணயங்களுக்கு அரை நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தவர்களை, காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் கையை விரித்து மறித்தேன். 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. ஒரே கல்லில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்றதும்தான் பிள்ளைகள் கவனித்தார்கள்.

யார் முதலில் வாசிக்கிறார்கள் பார்ப்போம் என்றேன். மதரசாவில் ஓதிய பழக்கத்தில் பெரிய கூட்டம் பாரசீகப் பக்கம் மொய்த்தது. எழுத்துத் தேய்ந்திருக்கிறது, பாரசீகம் ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் அலிஃப், லாம் என்று கத்துகிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் மூக்கு கல்லில் முட்டும் அளவுக்குக் குனிந்து நின்றாள். வெகுநேரம் கழித்து, "சேர், ஒரு 'ட' கண்டுபிடித்துவிட்டேன்" என்றாள். தன் தாய்மொழியில் ஒரு எழுத்துக்கு அவ்வளவு மகிழ்ந்த பிள்ளையை நான் கண்டதில்லை.

இந்தக் கல் 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊர் திரும்பிய மறுநாள் ஒரு பையனின் வாப்பா பாடசாலை வாசலில் நிற்கிறார். "இரவு டார்ச் வெளிச்சத்தில் தெருக் கான் மூடிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். அப்படி என்ன பாடம் சேர் நடத்தினீர்கள்?"

தம்பலகாமத்தான்

என் மகனுக்குப் பக்கத்துக் கட்டடத்துத் திமிங்கில எலும்புக்கூடு ஒன்றுதான் நினைவிருக்கிறது. காலம் பார்த்து, நம் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றால் உயிரோடு மூச்சு விடுவதையே காணலாம். எலும்பைப் பார்க்க இரவு முழுவதும் ரயிலில் இடிபட்டோம்.

பாலையூற்று சித்திர ஆசிரியை

நூதனசாலையோடு திரும்பிவிடாதீர்கள். பார்ன்ஸ் பிளேசில் சபுமல் மன்றம் இருக்கிறது. ஹரி பீரிஸ் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு. 1943இல் கூடிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் அங்கே சுவர் சுவராகத் தொங்குகின்றன. நான் போன அன்று வேறு யாரும் இல்லை. பராமரிப்பவர் எனக்காக ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு முன்னால் நடந்தார். ஒரு ஜன்னல் திறந்ததும் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம் ஒன்றில் வெளிச்சம் விழுந்தது. தீப்பெட்டி அளவில், மை அப்பிய அச்சில் அவருடைய ஓவியத்தைக் காட்டித்தான் இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வந்திருக்கிறேன். அருகில் போனால், தடித்த கறுப்புக் கோட்டின் கீழே அவர் முதலில் போட்டுப் பிறகு மனம் மாறி மூடிய இன்னொரு கோடு தெரிகிறது. கீற்றும் அழித்து அழித்துத்தான் வரைந்தார் என்று என் பிள்ளைகளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அழிறப்பர் கேட்க ஒருவரும் வெட்கப்படுவதில்லை.

ஒரு காட்சிக்கூடத்தில், பெயர் வேண்டாம், "ஓவியங்களைத் தோடாதீர்கள்" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். தோடு போட்டுக்கொண்டு உள்ளே போகலாமா என்று கேட்க நினைத்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பிழை இல்லை. நமக்கு மட்டும் ஏன் சரிபார்க்க ஆள் கிடைப்பதில்லை?

மாலையில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடந்தேன். பழைய ஆட்கள் கிரீன் பாத் என்பார்கள். நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். ஒருவர் "நிலாவெளியில் சூரிய அஸ்தமனம்" என்று ஒன்றை நீட்டினார். கடலுக்குள் சூரியன் சிவக்கச் சிவக்க இறங்குகிறது. "எங்கள் கடலில் சூரியன் எழும்புமே தவிர இறங்காது" என்றேன். அவர் சற்றும் தயங்கவில்லை. "அப்படியானால் உதயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருநூறு ரூபாய் குறைக்கிறேன்" என்றார். வாங்கிவிட்டேன். வகுப்பறையில் மாட்டியிருக்கிறேன்.

லண்டனில் ஒரு திருக்கடலூரான்

வேறு தலைநகரையும் சேர்க்கலாம் அல்லவா? பிரித்தானிய நூதனசாலையில், நம் நாட்டிலிருந்து போன, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டு, பொன் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம். இலங்கையில் ஆளுநராக இருந்த பிரவுண்ரிக் கொடுத்து 1830இல் அங்கே போய்ச் சேர்ந்தது. இடை ஒடிய நிற்கும் அந்தப் பெண்ணுருவைப் பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்று முதல் முப்பது ஆண்டுகள் ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டினார்களாம்.

சிலையை விடப் பலகையைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்தது என்பார்கள். இடையில் என்றால் எங்கே? மூதூரா, வெருகலா, வாகரையா? எந்த வயலில் எந்தக் கொழு முட்டியது?

பக்கத்தில் வயதான பெண்மணி ஒருவர். மாத்தறையாம். ஆங்கிலத்தில், "இது எங்களுடையது" என்றார். நானும் அதே சொல்லை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். வெளியே மழைக்கு ஒதுங்கி நிற்கும்போதுதான் தோன்றியது: எங்களுடையது, நம்முடையது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அவர் சொன்னது எது? நான் சொன்னதுதான் எது?

பழைய கச்சேரிக்காரர்

உவர்மலைவாசியின் தாயாருக்கு ஒரு செய்தி. 1950இல் நமது ஊரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் எல்லாம் வெண்கலமாகவே எழுந்து வந்தார்கள். அவர்கள் கொழும்புக்குப் போகவில்லை, மலைக்குத்தான் போனார்கள். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது. எனவே கூட்டிப் போக ஆளில்லாமல் இல்லை.

நூதனசாலைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம்மிடம் இருப்பவர் பாலும் சந்தனமும் தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்குகிறார். அங்கே இருப்பவருக்குச் சடையின் முடிச்சுக்கூட எண்ணலாம். எது நல்லது என்று கேட்டால் காலையில் ஒன்று சொல்வேன், மாலையில் ஒன்று சொல்வேன்.

உவர்மலைவாசி

ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அன்று பிற்பகல் வைத்தியர் எழுத்து அட்டையைக் காட்டியபோது அம்மாவுக்கு இரண்டாவது வரிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். திரும்பும் வழியில், "அப்படியானால் சம்பந்தரை எப்படி அம்மா அடையாளம் கண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கே தெரிந்தது? நீ அவர்தான் என்றாய், நான் பாடினேன்."