ஜெர்மனி: பேங்க் அக்கவுண்ட் இன்னும் வரவில்லை, 1ஆம் தேதி வாடகை. அவசர உதவி தேவை

கார்த்தி_திருச்சி | திங்கள், இரவு 11.52

வணக்கம். அவசரம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஜெர்மனி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பேங்க் அக்கவுண்ட் இன்னும் வரவில்லை. எல்லா டாக்குமென்ட்டும் கொடுத்துவிட்டேன். பிளாக்டு அக்கவுண்ட்டில் (விசாவுக்காக முன்பே கட்டி, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய அக்கவுண்ட்) பணம் முழுதாக இருக்கிறது, ஒரு யூரோ கூட எடுக்க முடியவில்லை. வாடகைக்கு இன்னும் எட்டு நாள்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த பணம் தீர்ந்துகொண்டே வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நெக்கர்_கரை | திங்கள், இரவு 11.58

எந்த ஊர்? மாணவர் விசாவா, வேலை விசாவா? அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, முடிந்ததா? "வரவில்லை" என்றால் எது வரவில்லை? அக்கவுண்ட்டே திறக்கவில்லையா, இல்லை திறந்து கார்டு மட்டும் வரவில்லையா? கிளை உள்ள பேங்க்கா, ஆப் மட்டும் உள்ளதா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது தம்பி?

முனிக்_முத்து | செவ்வாய், காலை 6.40

கண்டிப்பாக ஷூஃபாதான், கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்துக்கு ஸ்கோர் போடும் நிறுவனம். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஷூஃபா பார்ப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஸ்கோர் இருக்காது, அதனால் பேங்க் தள்ளிப்போடும். என் நண்பருக்கு இப்படித்தான் நடந்தது. ஷூஃபாவிடம் உங்கள் விவரங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம்.

ரைன்நதி | செவ்வாய், காலை 7.15

மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. விமானம் ஏறுவதற்கு முன் பழைய இழைகளில் நான்கைந்தைப் படித்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. சரி, மறுபடியும் எழுதுகிறேன்.

2016 ஜூன் முதல் இங்கே பேமென்ட் அக்கவுண்ட் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், அகதியாக விண்ணப்பித்தவருக்கும் கூட, அடிப்படை அக்கவுண்ட் பெற உரிமை உண்டு. பெயர் 'பாஸிஸ்கோன்டோ'. அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. கொடுத்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் பேங்க் திறந்து கொடுக்க வேண்டும், அல்லது மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். மறுத்தால் பாஃபின் என்கிற மேற்பார்வை ஆணையத்திடம் போகலாம். ஷூஃபாவில் ஸ்கோர் இல்லை என்பதற்காக இந்த அக்கவுண்ட்டை மறுக்க முடியாது, முத்து. தெரியாததைக் "கண்டிப்பாக" என்று எழுதாதீர்கள்.

இனியா | செவ்வாய், காலை 8.02

பாஸ்போர்ட்டில் உங்கள் சர்நேம் கட்டம் காலியா? எனக்கு அதுதான் பிரச்சினையாக இருந்தது. ஊரில் இனிஷியலோடு எழுதிப் பழகியதால், பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். பேங்க் ஃபார்மில் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். நான் குடும்பப் பெயரில் அப்பா பெயரைப் போட்டேன். தபால் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்தவர், அந்தப் பெயர் இதில் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பாஸ்போர்ட்டின் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், மெஷின் படிப்பதற்கு. சர்நேம் காலியாக இருந்த என் பாஸ்போர்ட்டில், என் பெயரே குடும்பப் பெயர் வரவேண்டிய இடத்தில் அச்சாகியிருந்தது. இரண்டாம் முறை அந்த வரியில் உள்ளபடியே நிரப்பினேன், அப்புறம்தான் ஒத்துக்கொண்டார்கள். உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள்.

கார்த்தி_திருச்சி | செவ்வாய், மதியம் 1.30

மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். ஊர் கெம்னிட்ஸ். மாணவர் விசா, மாஸ்டர்ஸ். அன்மெல்டுங் வந்த முதல் வாரமே முடிந்தது. கிளை இல்லாத ஆன்லைன் பேங்க். தபால் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டும் அன்மெல்டுங் தாளும் காட்டி அடையாளம் சரிபார்த்து 17 நாள் ஆகிறது. "உங்கள் அக்கவுண்ட் தொடங்கப்பட்டது, விவரங்கள் தபாலில் தனித்தனியாக வரும்" என்று மெயில் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. போன் செய்தால் டெலிபோன் பின் கேட்கிறார்கள். அது எங்கே என்றால் தபாலில் வரும் என்கிறார்கள்.

இனியா அக்கா, எனக்குச் சர்நேம் இருக்கிறது. அப்பா பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

நெக்கர்_கரை | செவ்வாய், மதியம் 1.41

ஆக அக்கவுண்ட் திறந்துவிட்டது, கடிதம்தான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. ஷூஃபாவும் இல்லை, பாஸிஸ்கோன்டோவும் வேண்டாம்.

முனிக்_முத்து | செவ்வாய், மதியம் 2.10

அப்படியென்றால் டாக்ஸ் ஐடி, வரி அடையாள எண். அந்த 11 இலக்க எண் கொடுக்காமல் அக்கவுண்ட்டை முழுதாக இயக்க விடமாட்டார்கள்.

ரைன்நதி | செவ்வாய், மதியம் 2.25

தவறு. புதிதாக வந்தவருக்கு டாக்ஸ் ஐடி, அன்மெல்டுங் முடிந்து சில வாரங்கள் கழித்துத் தபாலில்தான் வரும். அதைப் பிறகு கொடுக்கலாம். கார்டு அனுப்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

மலர்_பெர்லின் | செவ்வாய், மாலை 5.20

தபாலுக்காகக் காத்திருக்காதீர்கள். மொபைலிலேயே அரைமணி நேரத்தில் திறக்கும் ஆப் அக்கவுண்ட் ஒன்று எடுங்கள். ஐபான் (சர்வதேச அக்கவுண்ட் எண்) லிதுவேனியாவுடையதாக எல்.டி என்று தொடங்கினாலும் யூரோ யூரோதான். பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்திடம், உங்கள் பெயரில் உள்ள வேறு ஐரோப்பிய ஐபானுக்கு மாதப் பணத்தை அனுப்புவார்களா என்று கேட்டுப் பாருங்கள். நான் வந்த புதிதில் மூன்று மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

ரைன்நதி | செவ்வாய், மாலை 5.48

இந்த யோசனையைக் கேட்டு ஒரு பையன் மாட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். வாடகை, இன்சூரன்ஸ், போன், எல்லாரும் டி.இ என்று தொடங்கும் ஜெர்மன் ஐபான்தான் கேட்பார்கள். எல்.டி எண்ணைக் கொடுத்தால் அவர்கள் ஃபார்மே எடுக்காது.

மலர்_பெர்லின் | செவ்வாய், மாலை 6.05

எடுக்காமல் இருப்பது சட்டவிரோதம். ஐரோப்பிய ஒழுங்குமுறை 260/2012, 9ஆம் பிரிவு. யூரோவில் பணம் வாங்குபவரோ கொடுப்பவரோ, அக்கவுண்ட் எந்த உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. நான் முன்பு இருந்த வீட்டை நிர்வகித்த நிறுவனம் என் எண்ணை மறுத்தது. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், அடுத்த வாரமே ஏற்றுக்கொண்டார்கள். நாம் பேசாமல் இருப்பதால்தான் இது தொடர்கிறது. புகார் கொடுக்கவும் இடம் இருக்கிறது, வெட்பவெர்ப்ஸ்சென்ட்ராலே என்கிற அமைப்பு இதையே தனியாகக் கவனிக்கிறது.

ரைன்நதி | செவ்வாய், மாலை 6.30

எட்டு நாளில் வாடகை கட்ட வேண்டிய மாணவரிடம் வழக்கு நடத்தச் சொல்கிறீர்கள்.

மலர்_பெர்லின் | செவ்வாய், மாலை 6.41

காலையில் பாஃபினுக்குப் போகச் சொன்னது நீங்கள். அது மட்டும் எட்டு நாளில் முடியுமா? வாடகையை அவர் அனுப்பத்தான் போகிறார். அனுப்புவதற்கு எந்த ஐபானாக இருந்தால் என்ன? அவர் அக்கவுண்ட்டிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும்படி கையெழுத்துப் போட்டிருந்தால்தான் இந்தச் சிக்கலே வரும்.

ரைன்நதி | செவ்வாய், மாலை 6.55

அனுப்புவது என்ற வரையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் பேங்க்குகள், பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட்டில் ஒரு மாதிரியும் ஆப்பில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் எச்சரிக்கை வரும், நிறுவனம் தயங்கும். இனிஷியலைப் பாதியில் விரித்து எழுதும் நம் ஆட்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

யாழ்_டோர்ட்முண்ட் | செவ்வாய், இரவு 8.15

தம்பி கார்த்தி, எல்லாரும் சட்டம் கதைக்கினம், நல்லது. நான் ஒரு சின்ன விசயம் கேட்கிறேன். நீங்கள் இருக்கிற வீட்டின் கீழே, தபால் பெட்டியில் என்ன பேர் ஒட்டியிருக்கு?

கார்த்தி_திருச்சி | செவ்வாய், இரவு 8.22

பகிர்ந்து தங்கும் வீடு ஐயா, மூன்று ஜெர்மன் மாணவர்கள், நான்காவது நான். பெட்டியில் அவர்கள் பெயர்களுக்குக் கீழே ஒரு சின்ன பேப்பரில் "கார்த்திக்" என்று எழுதி டேப் போட்டு ஒட்டினேன். வந்த அன்றே ஒட்டிவிட்டேன்.

யாழ்_டோர்ட்முண்ட் | செவ்வாய், இரவு 8.40

அதுதான் தம்பி.

இஞ்ச தபால்காரர் வீட்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியில் குடும்பப் பேரைத்தான் தேடுவார். வங்கி உங்களுக்கு எழுதுகிற உறையில் அப்பாவின் பேர்தான் குடும்பப் பேராக இருக்கும். பெட்டியில் நாலு பேர் இருக்கு, அதில் உங்கட அப்பாவின் பேர் இல்லை. இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். அவரில் பிழை இல்லை. உங்களை "கார்த்திக்" என்று கூப்பிடுகிறது நாங்கள்தான். இந்த நாட்டின் காகிதத்தில் நீங்கள் அப்பாவின் பேர்தான்.

நான் 1987இல் வந்தபோது முகாமிலிருந்து ஒரு அறைக்கு மாறினேன். இரண்டு மாதம் எனக்குக் கடிதமே இல்லை. விசாரணைக்கு வரச் சொன்ன கடிதமும் திரும்பிப் போய்விட்டது. பக்கத்து அறைப் பாட்டிதான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினா. அதில் அறையில் முந்தி இருந்தவரின் பேர் அப்படியே இருந்தது. பாட்டி தன் கையாலேயே எழுதி ஒட்டித் தந்தா. அதற்குப் பிறகு வீடு மாறினால் நான் முதலில் செய்கிற வேலை அதுதான், சாமான் இறக்குவது பிறகு.

இப்போதே கீழே இறங்கிப் பெரிய எழுத்தில் அப்பாவின் பேரை ஒட்டுங்கள். அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லி, கடிதம் திரும்பி வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் முகவரி பிழை என்று கணக்கை நிறுத்தி வைத்திருக்கலாம். டாக்ஸ் ஐடிக் கடிதமும் மருத்துவக் காப்புறுதி அட்டையும் இதே வழியில் போயிருக்கலாம், அதையும் பாருங்கள்.

நெக்கர்_கரை | செவ்வாய், இரவு 8.52

ஐயா சொல்வது சரி. இத்தனை கேள்வி கேட்டேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை. கார்த்தி, ஃபார்மில் வீட்டின் முதன்மை வாடகைக்காரர் பெயரோடு "இவர் வீட்டில்" என்று சேர்க்கும் கட்டம் இருந்தால் அதையும் நிரப்புங்கள். கார்டும் பின் எண்ணும் வேறு வேறு நாளில் வரும், ஒன்று வந்து மற்றது வரவில்லை என்று பதற வேண்டாம்.

ரைன்நதி | செவ்வாய், இரவு 9.10

ஊரிலேயே பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு நிலையான குடும்பப் பெயரை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பல நாடுகளில் அப்படித்தான் இருக்கிறது. நம்மவர்கள்தான் தலைமுறைக்குத் தலைமுறை பெயரை மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

இனியா | செவ்வாய், இரவு 9.24

நிலையான குடும்பப் பெயர் என்றால் எதை வைப்பது? தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டிவிட்டு இனிஷியலுக்கு வந்தோம். வெட்டியதை ஒரு ஃபார்மின் கட்டத்துக்காகத் திரும்ப ஒட்டிக்கொள்ள மாட்டேன். கட்டத்தை மாற்றச் சொல்வதுதான் நியாயம். இங்கே டாக்டர் வீட்டில் என்னை என் பெயரைச் சொல்லியே "ஃபிராவ்" (பெண்களுக்கான மரியாதைச் சொல்) என்று கூப்பிடுகிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

யாழ்_டோர்ட்முண்ட் | செவ்வாய், இரவு 9.45

பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கு. என்ர அப்பாவின் பேர்தான் எனக்கு இஞ்ச குடும்பப் பேர். என் மகனுக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போனதே இல்லை. பேரனின் பள்ளிக்கூடத்தில் கோட் மாட்டுகிற கொக்கிக்கு மேலே அவரின் பேர் எழுதியிருக்கு. முதன்முதல் அதைப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

முனிக்_முத்து | செவ்வாய், இரவு 10.02

நானும் இப்போது போய் என் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மலர்_பெர்லின் | புதன், மதியம் 12.15

கார்த்தி, வாடகைக்கு என்ன ஆயிற்று? வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் தள்ளித் தரச் சொல்லி மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். ஜெர்மன் மொழியில் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கார்த்தி_திருச்சி | வெள்ளி, மாலை 4.50

எல்லாருக்கும் நன்றி. அன்று இரவே அப்பா பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன், மணிப் பலகையிலும். பேங்க்கில் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகவரி எல்லாம் சரிபார்த்த பிறகு பேசினார்கள். இரண்டு கடிதம் திரும்பிப் போயிருக்கிறதாம். மறுபடி அனுப்புகிறார்கள். ஐபானை மெயிலில் தர மாட்டோம் என்றார்கள். வாடகையை வீட்டில் இருக்கும் ஒருவர் இந்த மாதம் சேர்த்துக் கட்டுகிறார். பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்திடமும் கேட்டேன், பதில் இல்லை.

கார்த்தி_திருச்சி | அடுத்த புதன், காலை 10.05

பின் எண் வந்துவிட்டது. உறையில் அப்பா பெயர். கார்டு இன்னும் இல்லை. டாக்ஸ் ஐடி கடிதமும் இன்று பெட்டியில் இருந்தது.

நெக்கர்_கரை | அடுத்த புதன், காலை 10.20

ஐபான் கிடைத்ததும் பிளாக்டு அக்கவுண்ட்டில் ஏற்றிவிடுங்கள். மாதம் 992 யூரோதானே உங்களுடையது? வந்து சேரவே சில நாள் எடுக்கும்.

கார்த்தி_திருச்சி | அடுத்த புதன், காலை 10.31

ஆமாம், 992. ஐபான் கிடைத்துவிட்டது, ஏற்றிவிட்டேன். வகுப்புக்குக் கிளம்புகிறேன்.