அம்மா அனுப்பிய மிளகாய்ப்பொடியில் எதைச் சேர்க்கலாம்?

குழு: பெரிய வீடு

நான் (காலை 7.05)
அனைவருக்கும் காலை வணக்கம். பெங்களூரில் எனக்கும் அறைத் தோழிகள் இருவருக்கும் அம்மா அனுப்பும் மிளகாய்ப்பொடியும் கடையில் வாங்கும் எலுமிச்சை ஊறுகாயும்தான் அன்றாடத் துணை. எப்போதும் ஒரே சுவையாக இருக்கிறதே என்று, சென்ற மாதம் கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து, வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி, புட்டியில் இருந்த பொடி முழுவதோடும் சேர்த்து அரைத்துவிட்டேன். நான்கு நாள் வரை மணம் அருமையாக இருந்தது. பத்தாம் நாள் பொடி கட்டிகட்டியாகி, மேலே பூஞ்சை படர்ந்திருந்தது. அம்மா இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைக் கொட்ட நேர்ந்ததில் எனக்கு மிகவும் வருத்தம். பொடியைக் கெடுக்காமல் சுவையை மாற்ற என்ன வழி என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

அம்மா (7.18)
கொட்டியதுதான் சரி. பூஞ்சை பிடித்ததை மேலாக வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடக் கூடாது. நான் அனுப்புவது ஒரு கப் உளுந்துக்கு அரை கப் கடலைப்பருப்பு, பதினைந்து வற்றல், இரண்டு மேசைக்கரண்டி எள், பெருங்காயம், கல்லுப்பு என்று எல்லாவற்றையும் ஈரமில்லாமல் வறுத்துத் திரித்த பொடி. அதில் பூண்டும் கறிவேப்பிலையும் நான் வேண்டுமென்றே சேர்ப்பதில்லை. அவை சேர்ந்தால் ஆயுள் குறையும் என்பதால்தான் வெறும் பொடியாக அனுப்புகிறேன்.

பெரியம்மா (7.31)
கண்ணு, புட்டிக்குள் எதையும் போடாதே. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறிய கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, உன் விருப்பத்தை அதில் நடத்திக்கொள். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் பரப்பி, ஒரு நாள் முழுவதும் நிழலில் உலரவிட வேண்டும். அதன் பிறகு சிறு தீயில் வறுத்தால், கையில் எடுத்து நசுக்கும்போது சருகுபோல நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். பூண்டாக இருந்தால் தோலோடு நான்கைந்து பல்லைத் தட்டி, எண்ணெய் விடாமல் வாணலியில் நன்றாகச் சுருளும்வரை புரட்டி, ஆறிய பின் பொடியோடு சேர்த்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள். உரல் இல்லையென்றால் மிக்சியை ஒரே ஒரு சுற்று விட்டால் போதும். பூண்டு சேர்த்த பொடியைக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடு.

பெரியம்மா (7.34)
கொப்பரைத் துருவலை வறுத்துச் சேர்த்தால் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், காரம் அடங்கும். கொட்டை நீக்கி வறுத்த சிறு துண்டுப் புளியும் கடுகளவு வெல்லமும் சேர்த்துத் திரித்தால் தோசைக்கு வேறு பொடியே வேண்டாம்.

அம்மா (7.40)
அக்கா சொல்வதோடு ஒன்று. வற்றலை மாற்றினாலே பொடியின் குணம் மாறும். நீள வற்றல் காரத்துக்கு, குண்டு வற்றல் மணத்துக்கும் நிறத்துக்கும் என்று நம் வீட்டில் இரண்டையும் கலப்பது வழக்கம். அந்தக் குண்டு வற்றலான இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நாம் காலம் காலமாக வாங்கி வந்த சரக்குக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்ததே என்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

மாமா (8.02)
பொடியைத் தொடாமலேயே சுவையை மாற்றலாம், அம்மாடி. பொடியில் ஊற்றும் நல்லெண்ணெயின் மணத்தை மாற்று. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகு, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றின் மணமும் அப்படியே. இரண்டு கரண்டி நல்லெண்ணெயைப் புகையவிடாமல் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தட்டிய மிளகும் சீரகமும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் போட்டு மூடி வை. பத்து நிமிடம் கழித்து அதே பொடியில் அந்த எண்ணெயை ஊற்றிக் குழைத்துப் பார்.

நான் (8.15)
மாமா, தோழி ஒருத்தி ஏறத்தாழ இதையேதான் செய்து வைத்திருக்கிறாள். உரித்த பச்சைப் பூண்டை நல்லெண்ணெயில் மூழ்கப் போட்டு, இரண்டு வாரமாக அடுப்பு மேடையிலேயே வைத்திருக்கிறாள். மணம் மிக நன்றாக இருக்கிறது.

மாமா (8.17)
அதை இன்றே கொட்டச் சொல். யாரும் ஒரு சொட்டுக்கூடத் தொட வேண்டாம்.

மாமா (8.26)
பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உணவுப் பதனத் துறையில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பூண்டு மண்ணுக்குள் விளைவது. அதில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றுப்பட வைத்திருக்கும் வரை அவற்றால் தீங்கில்லை. எண்ணெயில் மூழ்கியதும் காற்று அற்றுப்போகிறது, பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை, அறையில் வெப்பமும் இருக்கிறது. அந்த வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்குவதற்கு இவை போதும். அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். எண்ணெயின் நிறமோ மணமோ மாறாமலேயே இது நடக்கலாம் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. பூண்டு எண்ணெய் வேண்டுமானால் கொஞ்சமாகச் செய்து, உடனே குளிர்பெட்டியில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பெரியம்மா (8.33)
அப்படியென்றால் நாம் போடும் பூண்டு ஊறுகாய், தம்பி?

மாமா (8.38)
அதில் போதிய எலுமிச்சைச் சாறோ புளியோ இருக்கிறது, உப்பும் தாராளமாக இருக்கிறது, பெரியக்கா. புளிப்பு மிகுந்த இடத்தில் அந்த நுண்ணுயிர் வளராது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஊறுகாயில் உப்பையும் புளிப்பையும் குறைக்க விடமாட்டார்கள் அல்லவா, அந்தக் கண்டிப்பை நாமும் விடக் கூடாது.

நான் (8.41)
அவளிடம் உங்கள் செய்தியைக் காட்டினேன், மாமா. புட்டியோடு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

அண்ணி (10.12)
இப்போதுதான் படித்தேன். கடை எலுமிச்சை ஊறுகாய்க்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு சிறிய கிண்ணம் ஊறுகாய்க்கு ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, கால் கரண்டி வெல்லத்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகையும் சேர்த்து, நன்றாக ஆறிய பிறகு கலந்தால் உப்பு உறைப்பது தெரியாது. தக்காளி சாஸ் நமக்கு இனிப்பு மிகுதி. வறுத்த சீரகப்பொடியும் மிளகுத்தூளும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்தால் பஜ்ஜிக்குப் பொருந்தும். மயோனைசுக்கும் ஏதாவது வழி இருக்கிறதா? பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மாமா (10.30)
பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். வேகாத முட்டையால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பதே காரணம். வீட்டிலும் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

அம்மா (10.44)
கெட்டித் தயிர் இருக்கும்போது அது எதற்கு? தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, குளிர்பெட்டியில் மூன்று மணி நேரம் விட்டால் வெண்ணெய்போலத் திரண்டுவிடும். அதில் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, புதினா, கொத்தமல்லித் தழைகளை நீர் விடாமல் அரைத்துக் கலந்தால், தக்காளித் துண்டு வைத்த ரொட்டிக்கும் வறுத்த உருளைக்கிழங்குக்கும் தொட்டுக்கொள்ளலாம். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

பெரியம்மா (10.52)
சாதாரணத் தயிரில் மோர்மிளகாயை வறுத்து நொறுக்கிப் போட்டு, காம்பை மட்டும் எடுத்துவிட்டுக் கலக்கிப் பாருங்கள். உப்பும் உறைப்பும் மொறுமொறுப்பும் அதிலேயே இருக்கின்றன. எலுமிச்சை சாதத்துக்கு அதைவிடச் சிறந்த துணையை நான் கண்டதில்லை. வெண்ணெய் காய்ச்சி இறக்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவதும் விட்டுப்போன வழக்கமாகிவிட்டது. அந்த நெய்யைச் சூடான சாதத்தில் பருப்புப்பொடியோடு பிசைந்தால் குழம்பையே மறந்துவிடுவோம்.

நான் (இரவு 9.10)
மாமா சொன்ன மிளகு சீரக எண்ணெயை இன்று மாலை செய்து பார்த்தோம். பொடி அதே பொடிதான், ஆனால் தோழிகள் இருவரும் புதிய பொடி வந்ததா என்று கேட்டார்கள். கறிவேப்பிலையைத் துணியில் பரப்பி வைத்திருக்கிறேன். நாளை மாலைதான் வறுக்கப் போகிறேன்.

அம்மா (9.16)
வெள்ளிக்கிழமை பேருந்தில் வெறும் பொடி அரை கிலோவும், மோர்மிளகாய் ஒரு பொட்டலமும், வெறும் புட்டி மூன்றும் அனுப்புகிறேன். புட்டிகளை வெயிலில் காயவைத்தே கட்டுகிறேன். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

மாமா (9.18)
கலந்த தேதியை ஒவ்வொரு புட்டியின் மேலும் எழுதி ஒட்டிவிடு, அம்மாடி.