விமர்சனம் கேட்டுப் போன படங்கள்

படத்துக்குப் போகுமுன் கேட்ட ஒரு தீர்ப்பு உங்களை என்ன செய்தது? நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தார். நான் சொல்வது எண்பதுகளின் கடைசியில். தினத்தந்தியும் ஆனந்த விகடனும் கடைக்கு வரும். விகடன் வந்த அன்று அதை முதலில் கையில் எடுப்பவர் நேரே விமர்சனப் பக்கத்துக்குத்தான் போவார். எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார், மார்க்கைத்தான் தேடுவார். விகடன் விமர்சனக் குழு நூற்றுக்கு இத்தனை என்று போடும். அதற்கு எங்கள் கடையில் தனியாக ஒரு கணக்கு இருந்தது. 40 என்றால் போய்ப் பார்க்கலாம். 45 என்றால் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். 50ஐத் தாண்டிவிட்டால் அன்றைக்குப் பூராவும் அதுதான் பேச்சு. 1977இல் வந்த ‘16 வயதினிலே’ 62.5 வாங்கியதை, சொந்தப் பிள்ளை வாங்கிய மார்க் மாதிரி அப்பா சொல்வார். “பாரதிராஜாவுக்கு அதுதான் மொதப் படம், தெரியும்ல?”

ஒரு சனிக்கிழமை தமிழ் வாத்தியார் ஒருவர் ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தார். கையில் அவரே கொண்டுவந்த வேறொரு பத்திரிகை. அப்பாவின் கையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கன்னத்தில் நுரை காயக் காய ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார். படம் தேறாது என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகும் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாத ஒரு காட்சியைப் பற்றி மட்டும் ஏழெட்டு வரி. படித்து முடித்துவிட்டு, “மார்க்குல இதெல்லாம் எங்கய்யா வரும்?” என்றார்.

இரண்டாம் ஆட்டத்துக்குப் போனேன். கூட்டமே இல்லை. அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முறத்தின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வாத்தியார் படித்துக் காட்டியிருக்காவிட்டால் நானும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பேன். படத்தின் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை. அப்புறம் எந்த விமர்சனம் கிடைத்தாலும் மார்க்கைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

*

திருப்பூரிலிருந்து:

தியேட்டர் கேண்டீனில் 11 வருடமாக நிற்கிறேன். இங்கே பெரிய படத்துக்கும் இப்போது முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளாவிலும் பெங்களூருவிலும் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடுகிறது. நம்ம ஊரில் கேட் திறக்கிறபோது இடைவேளையில் என்ன நடக்கிறது என்பதுவரை போனுக்கு வந்துவிட்டது. வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், படம் எப்படி என்று போனில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று.

போன வருடம் ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். பையனுக்குப் பத்து வயது இருக்கும். மஞ்சப்பை நிறையப் பேப்பரைக் கிழித்து எடுத்து வந்திருந்தான், ஹீரோ வரும்போது வீசுவதற்கு. நோட்டுத் தாள், காலண்டர் தாள் எல்லாம் கலந்து. அப்பா போனைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டாவது பாதி நல்லாயில்லையாம் சாமி” என்றார். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. படம் நன்றாக இல்லாமலே இருக்கட்டும். அதை அவன் பார்த்து அவனே கண்டுபிடிக்க வேண்டாமா? காட்சி முடிந்து கூட்டும்போது தேடினேன். அவர்கள் உட்கார்ந்த வரிசையில் பேப்பர் கிடந்தது, வீசியிருக்கிறான். காலண்டர் தாளை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

*

சென்னையிலிருந்து:

உதவி இயக்குநராக நான் வேலை பார்த்த முதல் படம் வெள்ளிக்கிழமை வெளியானது. மூன்று வருட உழைப்பு. அன்று சாயங்காலமே ஒரு விமர்சகர், ‘மழைக் காட்சிக்குப் பிறகு படம் கையைவிட்டுப் போகிறது’ என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை தியேட்டர்களில் பாதி ஷோக்களை எடுத்துவிட்டார்கள். அவர்மேல் ஒரு வருடம் கோபமாக இருந்தேன். சின்னப் படத்துக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள்தான் உயிர். 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. அடுத்த மாதமே, முதல் மூன்று நாள் விமர்சனம் கூடாது என்று தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அந்த வலி எனக்குப் புரியும்.

ஆனால் அதற்கு முன்பே அந்த விமர்சகரை ஒரு பிரிவியூ காட்சியில் பார்த்திருந்தேன். சண்டை போடத்தான் பக்கத்தில் போனேன். எந்தப் படம் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த மழை சீனுக்கு அப்புறம் தங்கச்சிப் பொண்ணு எங்க சார் போச்சு?”

எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு காட்சி எடுத்திருந்தோம். பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டே அண்ணனுக்காகக் காத்திருப்பாள். படம் நீளமாக இருக்கிறது என்று கடைசி வாரத்தில் வெட்டியாயிற்று. அதை வெட்டாதீர்கள் என்று எடிட் அறையில் நான் சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. படத்தில் இல்லாத ஒன்றை, அது இருக்க வேண்டிய இடத்தில் தேடியிருக்கிறார் அந்த மனிதர். வாசலில் மைக்கைப் பார்த்து “சூப்பர்” என்று சொன்னவர்கள் எங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள். இருந்தாலும், எங்கள் படத்தை முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அடுத்த படத்தின் முதல் பிரதியை அவரிடம் காட்டலாமா என்று இயக்குநரிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறார்.

*

திண்டுக்கல்லிலிருந்து மறுபடியும்:

திருப்பூர் நண்பருக்கு, அந்தப் பையனை இன்னொரு முறை பார்த்தால் என் கணக்கில் ஒரு பப்ஸ் கொடுங்கள். சென்னைத் தம்பிக்கு ஒரு கேள்வி. வெட்டிய அந்தக் காட்சி எங்காவது இருக்கிறதா? பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

*

சென்னையிலிருந்து:

இருக்கிறது அண்ணா. ஹார்ட் டிஸ்க்கில் 4 நிமிடம். மழைச் சத்தம் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.