படையணிக்குக் ‘கொடிவழி’ பொருந்துமா?

நண்பர்களே,

உக்ரைனின் 26ஆம் பீரங்கிப் படையணி (பிரிகேடு) பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு சொல்லில் சிக்கி இரண்டு நாளாயிற்று. ஒரு படையணி எந்தப் பழைய அலகிலிருந்து பிறந்து, எண்ணும் பெயரும் மாறி இன்றைய வடிவத்துக்கு வந்தது என்ற வரலாற்றுக்கு என்ன பெயர் வைப்பது? முந்தைய மடலில் ‘படைமரபு’ என்று பரிந்துரைத்திருந்தார்கள். நல்ல சொல்தான், ஆனால் இங்கே இடிக்கிறது.

பெர்திச்சிவ் நகரிலுள்ள இந்தப் படையணியின் வேர் சோவியத் இராணுவத்தில் இருக்கிறது. 2019இல் அதற்கு ரோமன் தாஷ்கேவிச்சின் பெயரைச் சூட்டினார்கள். யார் அவர்? முதல் உலகப் போரின் இறுதியில் எழுந்த உக்ரைன் மக்கள் குடியரசின் ‘சிச் துப்பாக்கிப் படை’ என்ற பிரிவில் பீரங்கிகளுக்குத் தலைமை தாங்கியவர். (மனைவி ஒலேனா ஸ்தெபானிவும் முதல் உலகப் போரில் களம் கண்டவர், மகன் யாரோஸ்லாவ் வரலாற்றாசிரியர், அந்தக் குடும்பத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) அந்தக் குடியரசை வீழ்த்தியது யார்? பின்னாளில் சோவியத் இராணுவமான செம்படை. ஆக, வீழ்த்திய படையின் வாரிசுக்கு வீழ்ந்த படையின் தளபதி பெயர்! இரண்டையும் ‘மரபு’ என்றே எழுதினால், தாஷ்கேவிச்தான் இந்தப் படையணியைத் தொடங்கினார் என்று வாசகர் நினைத்துவிடுவார்.

அதனால் இரண்டு சொல் வேண்டும். அமைப்பு வழியாக வரும் தொடர்ச்சிக்கு ‘கொடிவழி’ என்கிறேன். குடும்ப வரலாற்றுக்கு ஏற்கெனவே புழங்கும் சொல், கொடி என்றால் படைக்கொடியும் நினைவுக்கு வரும், இரட்டை லாபம். பின்னால் விரும்பி எடுத்துக்கொண்ட முன்னோருக்கு ‘தத்துமரபு’. 2015 நவம்பரில் உக்ரைனில், படைப்பிரிவுகளின் பெயர்களோடு ஒட்டியிருந்த சோவியத் விருதுகளை நீக்கினார்களே, அப்போது கழன்றது பெயர்தான், கொடிவழி அப்படியே இருந்தது என்று இனி ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

தெர்னோபில் நகரின் 44ஆம் பீரங்கிப் படையணியில் பொருத்திப் பார்த்தேன். 2014இல் உருவானது, பெயரோ 18ஆம் நூற்றாண்டின் ஹெத்மான் (கோசாக் தலைவர்) தனிலோ அப்போஸ்தலுடையது. கொடிவழி குட்டை, தத்துமரபு நெட்டை. சரியாகத்தான் உட்காருகிறது.

பிரிகேடுக்குப் ‘படையணி’ என்பதை ஈழத்து வழக்கிலிருந்து எடுத்தேன், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ‘தத்து’தான் கொஞ்சம் உறுத்துகிறது, பெற்ற பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது போல. ‘ஏற்புமரபு’ என்று மாற்றலாமா? எனக்கென்னவோ அது அரசாணை வாடை அடிக்கிறது.